சாமிக்கு ஊற்றிய கை

சங்கரன்கோவிலில் குடிக்கிற இடத்துக்கு யாரிடமும் வழி கேட்க வேண்டாம். குடியை விடுகிற இடத்துக்குத்தான் போர்டே கிடையாது. நர்ஸ் ஒருத்தி எழுதிக் கொடுத்த அரைகுறை விலாசத்தை வைத்துக்கொண்டு சங்கரேஸ்வரி தெருத்தெருவாக அலைந்தாள். ஜவுளிக்கடையில் கேட்டதற்கு, "வீட்டுக்காரனைக் கட்டிப் போடு தாயி, அதான் மருந்து" என்று சிரித்தார்கள். நல்லா இருக்கட்டும் அவர்கள். கடைசியில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் அந்த அறை இருந்தது. ஞாயிறு சாயங்காலம் குடியை விட்டவர்களும் விட நினைக்கிறவர்களும் கூடிப் பேசுகிற கூட்டம்.

புருஷன் கோமதிநாயகம் பனவடலிசத்திரம் பக்கம் ஆடு வளர்க்கிறவர். முதல் நாள் பாதிப் படியிலேயே நழுவப் பார்த்தார். அவள் கீழ்ப்படியில் வழியை மறித்து உட்கார்ந்துகொண்டாள். கூட்டம் முடிந்து இறங்கியவர், "எல்லாவனும் என்னைய மாதிரிதான் இருக்கான்" என்று சொல்லி, நடுத்தெருவில் நின்று அழுதார். அதிலிருந்து ஒரு வாரமும் தவறவில்லை. ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. மகள் பயமில்லாமல் அப்பா தட்டில் கைவைத்துச் சாப்பிட்டாள்.

வைகாசியில் சுடலைமாடனுக்குக் கொடைத் திருவிழா வந்தது. கோமதிநாயகம்தான் சாமியாடி. ஆடும்போது சாமிக்குச் சாராயம் ஊற்றிக் கொடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம்.

அந்த அறையில் கூட்டம் நடத்துகிற சௌந்தரபாண்டியன் பஸ் கண்டக்டர். அவரும் குடித்து மீண்டவர்தான். சொல்லிப் பார்த்தார்.

"அண்ணாச்சி, முதல் மடக்குதான் நமக்கு எமன். இந்த வருசம் கொடைக்குப் போகாதீக."

"நான் ஆடலைன்னா எங்க சாமி வேற யார் மேல போய் நிக்கும்?" என்றார் கோமதிநாயகம்.

சங்கரேஸ்வரி புருஷனின் பங்காளிகளிடமெல்லாம் கெஞ்சினாள். மூத்தவர் ஆறுமுகச்சாமி தலையாட்டினார். இந்த முறை சாமிக்கு இளநீர் என்று முடிவானது.

மதியக் கொடை. மேளம் ஏறியது, சாமி வந்தது. இளநீரை ஒரு வாய் குடித்த சாமி அதைத் தூக்கி எறிந்தது.

"எனக்குள்ளதக் கொண்டாங்கலே!"

சனம் நடுங்கிப்போனது. எல்லார் கண்ணும் சங்கரேஸ்வரி மேல். ஆறுமுகச்சாமி மடியிலிருந்து பாட்டிலை எடுத்தார். நல்ல மனிதர், முன்னேற்பாடாகத்தான் வந்திருந்தார்.

"நீதானட்டி வேண்டாம்னு சொன்ன. நீயே ஊத்து. குடிக்கது அவன் இல்ல, சாமி."

"மாட்டேன் அத்தான்."

"புள்ளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

மகள் கூட்டத்தில் நின்று அவளையே பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கும்பிட்ட சாமி. சங்கரேஸ்வரிக்கும் பயம் இருந்தது. ஊற்றி, இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தாள்.

சாமி மலையேறியது. முகத்தில் தண்ணீர் தெளித்ததும் கோமதிநாயகம் கண் விழித்தார். உதட்டை நக்கினார். அவளைப் பார்த்தார். பொங்கல் பானை இறங்குமுன் ஆளைக் காணோம். பொழுது சாய, மதுக்கடைக்குப் பின்னால் ஓடைக்குள் கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். மறுநாளும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது அவர் பாயைவிட்டு எழவில்லை. "சாமியே கேட்டுக் குடிச்சிட்டு. இனி எவன் வந்து தடுக்க?" என்று புரண்டு படுத்தார்.

அவள் தனியாக மாடி ஏறினாள். சௌந்தரபாண்டியன் அவளுக்குப் பின்னால் படியைப் பார்த்தார். யாரும் வரவில்லை.

"அண்ணாச்சி, சாமி குடிச்சா அது இவுக குடிச்ச கணக்கா?"

அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தாள். ஒவ்வொருவராகப் பேரைச் சொல்லித் தங்கள் கதையைச் சொன்னார்கள். அவள் முறை வந்தது.

"என் பேரு சங்கரேஸ்வரி" என்றாள். "நான் குடிக்கது இல்ல. ஊத்திக் கொடுத்தேன்."