மதகில் இரண்டு பலகை அதிகம்

மதகில் இரண்டு பலகைகளைக் கூடுதலாகப் போட்டது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்லாவிட்டால் என் நாத்தனார் சொல்லிவிடுவாள், அதுவும் கண், காது, மூக்கு வைத்து.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிறது சதுப்புநிலப் பூங்கா. பூங்கா என்றதும் ஊஞ்சலையும் சறுக்குமரத்தையும் தேடாதீர்கள். ஆழமில்லாத ஒரு பெரிய குளம், நடுவில் புல் முளைத்த ஒரு திட்டு, சுற்றிலும் கோரை, கரையில் பறவை பார்க்க ஒரு மரக்குடில், மூலையில் ஒரு மதகு. இதைப் பார்த்துக்கொள்வது தொண்டர்களாகிய நாங்கள் இருபத்திரண்டு பேர். ஞாயிறுதோறும் ஆகாயத்தாமரையை இழுத்துப் போடுவோம், பிளாஸ்டிக் பொறுக்குவோம், மற்ற நேரத்தில் ஒருவரோடு ஒருவர் சண்டை போடுவோம். தலைவி என் நாத்தனார். மருத்துவமனை ஆய்வகத்தில் நாள் முழுக்க ரத்த அணுக்களை எண்ணுகிறவள், வெளியே வந்தால் பறவைகளை எண்ணுவாள். நான் ஜெராக்ஸ் கடைக்காரி. மதகின் சாவி என்னிடம்.

மதகு என்றால் பெரிய இரும்புக் கதவெல்லாம் கிடையாது. இரண்டு பக்கமும் சிமென்டில் பள்ளம். அதில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பலகைகளைச் செருகி, மேலே ஒரு சங்கிலிப் பூட்டுப் போட்டிருக்கிறோம். ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். பலகை போட்டால் குளத்தில் தண்ணீர் ஏறும், எடுத்தால் வெளியே இருக்கும் வாய்க்காலில் வடிந்து இறங்கும். எங்களுக்கு ஒரே சட்டம்தான். ஒரு நாளைக்கு ஒரு பலகைக்கு மேல் போடக்கூடாது. அதையும் திட்டில் கூடு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். அந்தச் சட்டத்தை டைப் அடித்து, பிரதி எடுத்து, பிளாஸ்டிக் உறை போட்டு மதகில் ஒட்டியதும் நான்தான்.

பிறகு ஏன் மீறினேன்? வீம்பு. போன வருஷம் நகர அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரி அம்மா வந்து பார்த்தார். "வெறும் சேறு. வேறு உபயோகத்துக்குக் கொடுக்கலாம்" என்று அறிக்கை எழுதினார். வேறு உபயோகம் என்றால் பஸ் நிறுத்துமிடம். அந்த அறிக்கையை என் கடையில்தான் இருபத்திரண்டு பிரதி எடுத்தோம். ஒவ்வொரு தாளும் மெஷினிலிருந்து வெளியே வரும்போது எனக்கு வயிறு எரிந்தது. இப்போது அதே அம்மா, காலை பத்து மணிக்கு, கடைசி முடிவு எழுத மறுபடி வருகிறார். குளம் ததும்பி நிற்க வேண்டும், அந்த அம்மா வாயைப் பிளக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. முந்தின நாள் மதியம் யாரிடமும் சொல்லாமல் போய் இரண்டு பலகைகளைச் செருகிவிட்டு வந்தேன்.

விடிந்ததும் ஓடினேன். குளமா அது! கரை தெரியாமல் தண்ணீர், அதற்குள் மொத்த வானமும். சந்தோஷத்தில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு போட்டோ எடுத்து எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் "எப்படி?" என்று போட்டேன். அரை நிமிஷம் ஆகவில்லை, நாத்தனாரின் போன்.

"அண்ணி, எத்தனை பலகை போட்டீங்க?"

"ரெண்டு. எப்படி இருக்கு பார்த்தியா?"

"திட்டைப் பார்த்தீங்களா?"

"திட்டுல என்ன?"

"பதினோரு கூடு. புதன்கிழமையே குரூப்புல போட்டேனே."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆகாயத்தாமரையை எங்கே கொட்டுவது என்று நடந்த சண்டையில் எரிச்சலாகி, பத்து நாளாக அந்தக் குரூப்பை நான் மியூட் செய்து வைத்திருந்தேன்.

ஐந்தே நிமிஷத்தில் அவள் சைக்கிளில் வந்து மரக்குடிலுக்குள் நுழைந்து பைனாகுலரை மாட்டிக்கொண்டாள். நானும் எட்டிப் பார்த்தேன். திட்டின் ஓரத்தில் குச்சிக்கால்கள். புத்தகத்தில் நெடுங்கால் உள்ளான் என்று போட்டிருக்கும் பறவை. கறுப்புச் சிறகு, வெள்ளை வயிறு, குச்சி மாதிரி நீளமாக இரண்டு சிவப்புக் கால். தரையில்தான் கூடு வைக்கும். தண்ணீர் கூட்டை நக்கிக்கொண்டிருந்தது. ஒன்று முட்டைமேல் உட்கார்ந்திருக்க, அதன் ஜோடி அலகில் புல்லைக் கொண்டுவந்து கூட்டுக்கு அடியில் திணித்துக்கொண்டிருந்தது. கொண்டுவருவதும் திணிப்பதும், மறுபடி ஓடுவதுமாக இருந்தது. பதினோரு கூட்டிலும் அதே வேலை. நான் செய்த வேலைக்கு அவை ஓவர்டைம் பார்த்துக்கொண்டிருந்தன.

"பத்து மணிக்கு அந்தம்மா வந்துட்டுப் போயிடட்டும். அப்புறம் எடுத்துடலாமா?" என்று கேட்டேன். ஆமாம், கேட்டேன்.

நாத்தனார் பைனாகுலரை இறக்கவே இல்லை. "பத்து மணிக்கு முட்டை மிதக்கும் அண்ணி. இப்ப எடுத்தா அந்தம்மாவுக்குச் சேறுதான் தெரியும். சாவி உங்ககிட்ட இருக்கு, நீங்களே சொல்லுங்க."

அவள் திட்டியிருந்தால் நான் பதிலுக்குத் திட்டியிருப்பேன். திட்டாததுதான் என்னை ஓட வைத்தது.

மதகில் கொக்கியை மாட்டி இழுத்தேன். பலகை அசையவில்லை. ராத்திரி முழுக்க ஊறி உப்பி, பள்ளத்தில் இறுகிப் போயிருந்தது. குழாய்க்காரருக்குப் போன் போட்டேன். எங்கள் தொண்டர்களில் கையில் கடப்பாரையோடு பிறந்தவர் அவர் ஒருவர்தான். பல் தேய்த்துக்கொண்டிருந்த நுரை வாயோடு வந்தார். பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சட்டத்தை ஒட்டினது நீங்கதானே?"

"நக்கல் அப்புறம். முதல்ல இதை எடுங்க."

அவர் மேலேயிருந்து கொக்கியால் இழுக்க, யாராவது கீழே வாய்க்காலில் நின்று பலகையின் அடியில் மரச்சுத்தியலால் தட்ட வேண்டும். யாராவது என்ன, நான்தான். அதிகாரியைப் பார்க்கவென்று இஸ்திரி போட்டு உடுத்திய நீல உடையோடு முழங்கால் சேற்றில் இறங்கினேன். தட்டினேன். நாத்தனாரின் குரல் போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டே இருந்தது. திட்டருகே நட்டிருக்கும் அளவுக்கம்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இன்னும் அரைக்கோடு ஏறியிருக்கு அண்ணி."

தட்டினேன்.

"ஓரத்துக் கூட்டுக்குள்ள தண்ணி போயிடுச்சு."

வெறி பிடித்தவள் மாதிரி தட்டினேன். பலகை ஒரு பக்கம் விரலளவு எழும்பியது. குழாய்க்காரர் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். டப்பென்று ஒரு சத்தம். பலகை அவர் கையில், குளம் என் நெஞ்சில். சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, அடக்கவே முடியவில்லை. இரண்டாவது பலகைக்கு இன்னும் அரைமணி நேரம் பிடித்தது.

"நின்னுடுச்சு," என்றது போன். கொஞ்ச நேரம் கழித்து, "இறங்குது அண்ணி, இறங்குது." ஆய்வகத்தில் எந்த முடிவையும் தட்டையான குரலில் வாசிக்கிறவள். அவள் குரல் உடைந்து அன்றைக்குத்தான் கேட்டேன்.

ஒன்பதே முக்காலுக்கு வாசலில் கார். பறவைகள் அடங்கும்வரை யாரையும் உள்ளே விடாமல், எங்கள் தொண்டர்களில் ஒருவரான கண்டக்டர் அங்கே காவல் நின்றார். பஸ்ஸில் முப்பது வருஷம் பேசிப் பேசியே கூட்டத்தை உள்ளே தள்ளியவர். அறிவிப்புப் பலகையில் இருந்த ஒவ்வொரு வரியையும் அந்த அம்மாவுக்கு விளக்கினார், வராத பறவைகளையும் சேர்த்து. அவர் சரக்கு தீரும்போது மணி பத்தரை. குளம் நன்றாக வடிந்து, கரையோரம் இருபதடிக்குப் பளபளவென்று சேறு. போன வருஷம் அவர் பார்த்த அதே சேறு.

அதிகாரி அம்மா சேற்றைப் பார்த்தார். பிறகு அதே நிறத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

"இந்த வருஷமும் இதுதானா? தண்ணி நிறைஞ்ச மாதிரி போட்டோ ஏதாவது இருந்தா கொடுங்க. அறிக்கையோட வெச்சா உங்களுக்குத்தான் நல்லது."

நல்ல மனதோடுதான் கேட்டார். போட்டோ என் போனில்தான் இருந்தது. ஒரே ஒரு தட்டு, பஸ் நிறுத்துமிடம் ஒழிந்தது. என் விரல் போன்மேல் போய்விட்டது.

"இருக்கு மேடம். ஆனா தரமாட்டேன்," என்றேன். பின்னால் குழாய்க்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது உங்களை ஏமாத்த நான் நிறைச்ச தண்ணி. அதுல பதினோரு கூடு முழுகப் பார்த்துச்சு. அந்தப் போட்டோவைப் பார்த்து நீங்க பூங்காவை விட்டுவெச்சா, வருஷா வருஷம் உங்களுக்காக நான் தண்ணி நிறைக்கணும். என்னால முடியாது."

அவர் நேராக மரக்குடிலுக்குள் போனார். நாத்தனார் பைனாகுலரைக் கொடுத்தாள். அரைமணி நேரம் ஆள் வெளியே வரவில்லை. நான் வெளியே நின்று நகத்தைக் கடித்தேன், நகமெல்லாம் சேறு. உள்ளேயிருந்து அவருடைய ஒரே ஒரு கேள்விதான் காதில் விழுந்தது.

"சேத்துல அத்தனை ஓடுதே, என்ன பண்ணுது?"

"சாப்பிடுது மேடம். புழு, நத்தை எல்லாம் அங்கதான் இருக்கு. தண்ணி ஏறினா அலகு எட்டாது."

வெளியே வந்தவர், "ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டு, சேற்றையும் பறவைகளையும் எடுத்தார். சுத்தியலோடு நின்ற என்னையும் ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்பினார். முகத்தில் எதுவும் தெரியவில்லை.

"எத்தனை?" என்று நாத்தனாரைக் கேட்டேன்.

"பத்து. அந்த ஓரத்துக் கூடு போயிடுச்சு."

சாவியை அவளிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "நீங்களே வெச்சுக்கோங்க அண்ணி. இனிமே பலகையைத் தொடும்போது உங்களுக்குக் கை நடுங்கும். எனக்கு அது போதும்." எனக்குக் கண் கலங்கிவிட்டது. சேறு பட்டது என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. பூங்கா பூங்காவாகவே இருக்கும். தண்ணீரின் அளவை இனித் தொண்டர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். "சேறு" என்ற சொல் நான்கு இடத்தில், நான்கிலும் மரியாதையாக. என் போட்டோவையும் இணைத்திருந்தார்கள். பிரதி எடுக்க மெஷினைக்கூடப் போடாமல் நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"கடுதாசி வந்துடுச்சுடி! நம்ம பூங்கா..."

"இருங்க அண்ணி," என்றாள். மரக்குடிலில்தான் இருந்தாள், மூச்சுவிடக்கூடப் பயந்த குரல். "கூட்டைத் தண்ணி கொண்டுபோச்சே, அந்த ஜோடி. சேத்து மேட்டுல ரெண்டு நாளா புல்லு சேர்த்துட்டிருந்துச்சு. இப்பத்தான் எழுந்து நகர்ந்துச்சு. உள்ளே ஒரு முட்டை."

கடிதத்தை மடித்து வைத்தேன்.

"பதினொண்ணு அண்ணி," என்றாள்.