பொன்னாடை ஒத்திகை

விடுமுறைக் கல்வி முகாமின் கடைசி நாள். ஜார்ஜ்டவுன் மண்டபத்தில் காலை எட்டரைக்குக் கணக்கு வகுப்பு தொடங்க வேண்டும். தொடங்கியது பொன்னாடை ஒத்திகை.

சிறப்பு விருந்தினராக வரப்போகும், டத்தோ பட்டம் பெற்ற பிரமுகரின் இடத்தில் ஏற்பாட்டுக் குழுத் தலைவர் சிவநேசன் தாமே நின்றார். நான்கு முறை போர்த்தினார்கள். நான்காவது முறை நன்றாகவே இருந்தது.

"சார், வகுப்பு எப்ப?" என்றாள் துளசி. ஐந்தாம் படிவ மாணவி, பதினேழு வயது. சுங்கை பாக்காப்பிலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, ஃபெர்ரி மாறி வந்தவள். அடுத்த வாரம் பரீட்சை. கணக்கில் மட்டும் சறுக்கல். "பிள்ளைய அனுப்புங்கக்கா. கஜன் சார் பக்கத்துல உக்காந்து சொல்லித் தருவாரு. நான் பொறுப்பு" என்று அவள் அம்மாவிடம் வாக்குக் கொடுத்தவரே சிவநேசன்தான்.

"டத்தோ வந்து போவட்டும்லா."

டத்தோ பத்தரைக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஜுருவில் இருப்பதாகத் தகவல். பதினொன்றரைக்கும் ஜுருவில்தான் இருந்தார். அதுவரை பிள்ளைகள் எழுந்து நின்று கைதட்டப் பழகினார்கள்.

கோலாலம்பூரிலிருந்து வந்திருந்த கணக்கு ஆசிரியர் கஜன் மார்க்கரும் கையுமாகக் காத்திருந்தார். "அண்ணே, ஒன்றரைக்கு நான் ஏர்போர்ட் கிளம்பணும்."

"அஞ்சே நிமிஷம் தம்பி."

பன்னிரண்டே முக்காலுக்கு வந்த டத்தோ, நேரத்தின் அருமை குறித்து நாற்பது நிமிடம் பேசினார். சாப்பிடாமல் போனார், படம் எடுக்காமல் போகவில்லை. போகிற போக்கில் சிவநேசனுக்கும் ஒரு பொன்னாடை.

கஜன் நின்றபடியே துளசிக்கு இரண்டு வரி போட்டுக் காட்டினார். மூன்றாவது வரியில் வாசலில் டாக்சி ஹார்ன் அடித்தது.

மிஞ்சியது கருத்துப் படிவம். "எல்லாத்துக்கும் அஞ்சு போடுங்க, மேலிடத்துக்குப் போவுது" என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தார் சிவநேசன். துளசியும் அஞ்சுதான் போட்டிருந்தாள். 'இன்னும் புரியாதவை' என்ற கட்டத்தில் மட்டும் எதையோ எழுதி, தாள் கிழியாத குறையாக அழித்திருந்தாள்.

"ஏம்மா அழிச்ச?" என்றார் படிவத்தை வாங்கிப் பார்த்த சிவநேசன்.

"உங்களுக்குப் பிரச்சனை ஆயிருமேன்னு சார்."

சிவநேசன் பொன்னாடையைத் தோளிலிருந்து உருவினார். எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அம்மா கேட்டா என்ன சொல்லுவ?"

"கஜன் சார் பக்கத்துல உக்காந்து சொல்லிக் கொடுத்தாருன்னு சொல்லிர்றேன்" என்றாள் அவள், அவரைத் தேற்றுகிற குரலில்.