ஹோல்டில் ஒரு ரசிகர்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் அவரவர் கேட்கும் பாட்டைப் போடுவார்கள். அதைக் குதறுவது குடும்பத்தின் மூத்தவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் வேலை. சம்பளமில்லாத வேலை என்பதால் கூடுதல் அக்கறையோடு செய்வார். மருமகள் அனுப்பிய பாட்டில் தகர டப்பா உருள்கிறது என்றார். மச்சினன் அனுப்பியதற்குத் தலைவலி மாத்திரை சிபாரிசு செய்தார்.

அந்த மாதம் அவர் வீட்டு வாஷிங் மெஷின் படுத்துவிட்டது. துணி மலையாய்க் குவிந்தது. துவைத்துத் துவைத்து மனைவிக்குத் தோள்பட்டை கழன்றது. இவர் கம்பெனிக்குப் போன் போட்டால், "காத்திருக்கவும்" என்று சொல்லிவிட்டு டொய்ங் டொய்ங் என்று ஓர் இசை. முதல் நாள் முகம் சுளித்தார். மூன்றாம் நாள் தொடையில் தாளம் போட்டார். பத்தாம் நாள் அதைப் பதிவுசெய்து, "இதுதான் இசை. கேட்டுத் திருந்துங்கள்" என்று குழுவில் போட்டார்.

"மாமா, இது வாஷிங் மெஷின் கம்பெனி ஹோல்ட் மியூசிக்தானே?" என்று கேட்டாள் மருமகள்.

"அதனால என்னம்மா? ஞானம் எங்க வேணா இருக்கும்."

அன்று மதியம் அவர் கண்மூடி லயித்திருந்தபோது, இசை பட்டென்று நின்றது.

"வணக்கம் சார், என்ன பிரச்சினை சொல்லுங்க," என்றது ஒரு பெண்குரல்.

"பிரச்சினையே நீங்கதாம்மா. நல்ல இடத்துல நிறுத்திட்டீங்க. மறுபடி ஹோல்டுல போடுங்க."

அவளும் போட்டுவிட்டாள்.

பின்னால் ஊர் அகலத்துக்கு ஒரு போர்வையைப் பிழிந்துகொண்டிருந்த மனைவி, அதன் ஒரு நுனியை அவர் கையில் திணித்தாள்.

"தாளம் தப்பாம முறுக்குங்க," என்றாள்.