மலையில் மூன்று இரவு

"கடலுக்கு ஒரு நாள் போதும். ஏரிக்கு ரெண்டு. மலைக்கு மூணு," என்றான் கணவன்.

கம்ப்யூட்டருக்குப் பின்னால் இருந்த டிராவல்ஸ்காரி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

"என்ன சார், மளிகைக் கடையில பருப்பு ஒரு கிலோ, சர்க்கரை ரெண்டு கிலோங்கற மாதிரி சொல்றீங்க! மேடம் முகத்தைப் பாருங்க. அவங்களுக்குக் கடல்தான் இஷ்டம்."

"மலைக்கு மூணு," என்றான் அவன் மறுபடியும். குரல் உயரவில்லை.

"அந்த மலையில அப்படி என்னங்க இருக்கு?" என்று கேட்டாள் மனைவி.

"குளிர் இருக்கு."

"குளிர்தான் வேணும்னா வீட்டுல ஃப்ரிட்ஜைத் திறந்து வச்சு எதிர்ல உக்காரலாமே. அதுக்கா ஏரோப்ளேன்ல ஏறணும்?"

டிராவல்ஸ்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமை மலையில இருக்கணும். மத்தது எப்படி வேணா மாத்திக்குங்க. அது மட்டும் மாறக் கூடாது."

வீட்டுக்குத் திரும்பும்போது மனைவிக்குச் சந்தோஷமும் குழப்பமும் சரிபாதியாக இருந்தன. ஆறு வருடத் தாம்பத்தியத்தில் அவன் தானாக ஒரு இடத்துக்கும் கூப்பிட்டதில்லை. கார்களுக்கு பிரேக் பழுது பார்க்கும் பட்டறை அவனுடையது. சினிமாவுக்கு அழைத்துப் போனாலும் இடைவேளையில், "கடையில ஆள் காத்துட்டிருப்பான்" என்று எழுந்துவிடுகிற மனுஷன். அவன் வெளிநாடு போகலாம் என்கிறான்!

தம்பி போன துக்கத்திலிருந்து மீண்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

அவன் தம்பி இவர்களோடுதான் இருந்தான். "அண்ணி, இன்னிக்கு என்ன?" என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குள் நுழைகிறவன். எலக்ட்ரீஷியன். கட்டிக்கொண்டிருந்த ஒரு மாடிக் கட்டடத்தில் ஒயர் இழுக்கப் போன இடத்தில் சாரம் சரிந்தது. துருப்பிடித்த குழாய்களை வைத்துச் சாரம் கட்டியிருந்தார் கான்ட்ராக்டர். முதல் நாளே ஆட்கள் சொல்லியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கோர்ட்டில் அதே ஆட்கள் வாய் திறக்கவில்லை. கான்ட்ராக்டர் வெளியே வந்துவிட்டார்.

தீர்ப்பு வந்த அன்று அவன் அழவில்லை. கத்தவில்லை. நேராகப் பட்டறைக்குப் போய்ப் பாதியில் விட்டிருந்த வண்டியை முடித்துக் கொடுத்தான். அதற்குப் பிறகும் வேளைக்குச் சாப்பிட்டான், தூங்கினான், வேலை பார்த்தான். அந்த அமைதிதான் அவளைப் பயமுறுத்தியது.

மறுநாள், தான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து டிராவல்ஸ்காரிக்குப் போன் செய்தாள். கூட்டம் இல்லாத நேரம்.

"அக்கா, அவருக்குத் தெரியாம கடலுக்கு இன்னொரு நாள் சேர்த்துடுங்களேன். மலையில ஒண்ணு குறைச்சுடுங்க."

"ஐயோ மேடம், சார் என்னைத் தொலைச்சுடுவாரு! சர்ப்ரைஸ் கெட்டுடும்."

"என்ன சர்ப்ரைஸ்?"

டிராவல்ஸ்காரி நாக்கைக் கடித்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது. ஆனால் வாய் நிற்கிற ஜாதி இல்லை அவள்.

"உங்க ஃபேமிலி ஃப்ரெண்டு இருக்காரே, அந்த பில்டிங் கான்ட்ராக்டர்! அவரும் குடும்பத்தோட அதே ஹோட்டலுக்குத்தான் போறாரு. என் காரை பிரேக் பாக்க விட்டப்ப பேச்சுவாக்குல சொன்னேன். சார் உடனே, அவரு நம்ம ஃபேமிலி ஃப்ரெண்டுதான், எங்களுக்கும் போடுங்க, போய் நின்னு அசத்தறேன், அவர்கிட்ட மூச்சு விடாதீங்கன்னாரு. அவங்க ஞாயித்துக்கிழமை காலைல கிளம்பிடுவாங்க. அதான் சனிக்கிழமை கண்டிப்பா வேணும்னு நிக்கறாரு. அங்க வாடகைக் கார் குடுப்பாங்க மேடம், நாமளே ஓட்டலாம். என்ன, ரோடுதான் பூரா கொண்டை ஊசி வளைவு. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கிடுகிடு பள்ளம்."

மனைவி போனை வைத்தாள். எதிரே ஊசிக்காகக் கையை நீட்டியபடி ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். "ஏம்மா, ஊசியைத் திருப்பிப் பிடிச்சிருக்க. குத்தப் போறது என்னையா, உன்னையா?" என்றார்.

கொண்டை ஊசி வளைவு. வாடகைக் கார். பிரேக் மெக்கானிக்.

அன்று மாலை சாப்பாட்டு மேஜையில் நேராகவே கேட்டாள். "நாம எதுக்குப் போறோம்?"

"ஊர் பாக்க."

"உங்க மனசுல வேற என்னவோ இருக்கு."

"ஒண்ணும் இல்ல. சாப்பிடு."

"நான் வரலைன்னா?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "நான் மட்டும் போயிட்டு வரேன்."

அந்தப் பதிலில் அவள் முடிவு செய்துவிட்டாள். போலீசில் என்ன சொல்லிப் புகார் கொடுப்பது? என் புருஷன் சுற்றுலா போகிறார் என்றா? கான்ட்ராக்டரை எச்சரித்தால் அடுத்த நிமிஷம் அவர் போலீசை ஏவுவார். எதுவும் செய்யாத மனுஷன் உள்ளே போவான். அதைவிட, கூடவே போவது மேல். போய், அந்தச் சனிக்கிழமையை எப்படியாவது தின்றுவிடுவது. ஒரு நாள் தாமதித்தால் போதும். இவர்கள் ஏறும்போது அவர்கள் இறங்கியிருப்பார்கள்.

கடல் ஊரில் ஒரே நாள். அவன் தண்ணீரில் கால் நனைக்கவில்லை. மணலில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏரி ஊரில் இரண்டாம் நாள், சட்டை தேடிப் பெட்டியைத் திறந்தபோது காலுறைக்குள் சுருட்டி வைத்த சின்ன ஸ்பேனர் கையில் தட்டுப்பட்டது. அவன் குளிக்கப் போன நேரத்தில் அதை எடுத்துப் போய் ஏரியில் வீசினாள். சின்னதாக ஒரு சத்தம். தண்ணீர் மூடிக்கொண்டது.

சனிக்கிழமை காலை வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் சுருண்டாள்.

"முடியலங்க. உயிர் போகுது. இன்னொரு நாள் இங்கயே இருந்துட்டுப் போலாம்."

அவன் முகம் இறுகியது. "மாத்திரை போட்டுக்கோ. பஸ்ல தூங்கிடலாம்."

"பஸ்லயே வாந்தி எடுத்தா நீங்க கையை ஏந்துவீங்களா?"

அவன் அறைக்குள் மூன்று முறை குறுக்கும் நெடுக்கும் நடந்தான். பிறகு போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஏரிக்கரைப் பெஞ்சில் உட்கார்ந்து யாருடனோ பேசினான். திரும்பி வந்தபோது ஆளே மாறியிருந்தான்.

"சரி. உடம்புதான் முக்கியம். நாளைக்கே போலாம்," என்று சொல்லி அவள் நெற்றியை வருடினான்.

அவன் சிரித்து எத்தனையோ மாதங்கள் ஆகியிருந்தன. அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். ஏனோ போர்வையை இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டாள்.

ஞாயிறு சாயங்காலம் மலை ஏறினார்கள். ஹோட்டல் வாசலில் நான்கு வாடகைக் கார்கள் வரிசையாக நின்றன. வரவேற்பறையில் சத்தமில்லை. நடைபாதையில் யாரும் எதிர்ப்படவில்லை. போய்விட்டார்கள்! பல நாள் பாரம் இறங்கியதில் அவள் படுத்ததும் தூங்கிப் போனாள்.

விழித்தபோது பக்கத்துத் தலையணை காலி.

சாப்பாட்டு அறைக்கு வந்தாள். ஜன்னலோர மேஜையில் உட்கார்ந்து அவன் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். ஜன்னலுக்கு வெளியே அந்த நான்கு கார்கள்.

"எங்க போனீங்க காலங்காத்தால?"

"நடக்க."

ஹோட்டல் சோப்பு வாசனை அவன் மேல் கமகமவென்று அடித்தது. ஆனால் விரல் நகங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடு. நாளெல்லாம் அடுத்தவர் விரல் நுனியைப் பார்க்கிறவள் அவள். இந்த நகங்களை ஆறு வருடமாகப் பார்க்கிறாள். ஏரியில் போனது ஒரு ஸ்பேனர்தான்; இன்னொன்று கிடைக்காமலா போகும்?

"கையில என்னங்க?"

"மண்ணு."

"மண்ணு இப்படி மினுங்காது."

"சாப்பிடு. ஆறிடும்."

அப்போதுதான் பின்னாலிருந்து அந்தக் குரல் கேட்டது. அவர்கள் பேசுகிற அதே தமிழில்.

"அப்பா, நான்தான் முன்சீட்டு! ப்ராமிஸ் பண்ணியிருக்க!"

"காய்ச்சல் விட்டு ஒரு நாள் ஆகலை, முன்சீட்டு கேக்குதா? பின்னாடி என் மடியில படுத்துட்டு வா," என்றது ஒரு பெண் குரல்.

மனைவி மெல்லத் திரும்பினாள். கழுத்தில் கம்பளித் துணி சுற்றிய சிறுமி. அவள் அம்மா. கையில் சாவியைச் சுழற்றியபடி முன்னால் நடந்த கான்ட்ராக்டர். மூவரும் வாசலைத் தாண்டி வெளியே போனார்கள்.

"போகலையா அவங்க?" என்றாள்.

"குழந்தைக்குக் காய்ச்சல்னு ரெண்டு நாள் கூடப் போட்டாங்க. டிராவல்ஸ்காரி சொன்னா." அவன் கையிலிருந்த ரொட்டி தட்டில் விழுந்தது. முகத்தில் ரத்தமில்லை. "அவன் தனியாத்தான் போவான். அவன் கார் எதுன்னு நேத்து ராத்திரி ரிசப்ஷன்ல கேட்டேன். காலைல போறது அவன் மட்டும்தான்னு சொன்னாங்க."

"எழுந்திருங்க. போய்ச் சொல்லுங்க."

அவன் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். எழவில்லை.

"சொன்னா நான் உள்ள போயிடுவேன்."

"சொல்லலைன்னா?"

வெளியே கார்க் கதவு சாத்துகிற சத்தம். ஒன்று. இன்னொன்று.

அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினாள்.

கார் உறுமிக்கொண்டிருந்தது. வாசலுக்கு அந்தப் பக்கமே சரிவு தொடங்கிவிடும். முதல் வளைவு இங்கிருந்தே தெரிந்தது. அவள் காருக்கு நேர் முன்னால் போய் நின்று இரண்டு கைகளையும் இன்ஜின் மூடிமேல் ஊன்றினாள்.

"எடுக்காதீங்க! பிரேக் இல்ல! குழந்தையை இறக்குங்க!"

கண்ணாடிக்குப் பின்னால் கான்ட்ராக்டரின் முகம் முதலில் எரிச்சலானது. பிறகு கோர்ட்டில் பார்த்த முகம் என்று அடையாளம் கண்டுகொண்டு வெளுத்தது. குனிந்து காலை அழுத்திப் பார்த்தார். மறுபடி அழுத்தினார். நிமிர்ந்தபோது நெற்றியெல்லாம் வியர்வை. இன்ஜினை நிறுத்தினார்.

அவர் மனைவி குழந்தையை வாரிக்கொண்டு இறங்கினாள். "யாருங்க இவங்க? பிரேக் இல்லைன்னு இவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கான்ட்ராக்டரின் பார்வை காரை மறித்து நின்றவளைத் தாண்டி, ஹோட்டல் படிக்கட்டில் நின்றது. அவள் கணவன் இறங்கி வந்துகொண்டிருந்தான். வெறுங்கை. கடைசிப் படியில் நின்றான்.

"என் தம்பி சாரத்துல ஏறினப்போ இப்படி யாரும் ஓடி வந்து சொல்லல," என்றான்.

குழந்தை அழ ஆரம்பித்தது.

வரவேற்பறை ஆள் வெளியே ஓடி வந்தான். "போலீசைக் கூப்பிடுங்க! உடனே!" என்று கத்தினார் கான்ட்ராக்டர். பதற்றத்தில் தமிழிலேயே கத்தினார். வந்தவன் விழித்தான்.

"கூப்பிடலாம்," என்றாள் அவர் மனைவி. குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு புருஷனுக்கு எதிரே வந்து நின்றாள். "அதுக்கு முன்னாடி சொல்லுங்க. எந்தத் தம்பி? எந்தச் சாரம்?"

கான்ட்ராக்டர் போனைத் தேடிச் சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.

பிரேக் மெக்கானிக் அப்படியே படியில் உட்கார்ந்தான். மனைவி பக்கத்தில் போய் உட்கார்ந்து, கிரீஸ் படிந்த அந்தக் கையை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலுக்காக இல்லை. அவன் எழுந்துவிடக் கூடாது என்று.