அவருக்குப் பதிலாக ஒரு ஐயோ

...இல்லை, மானிட்டர் பொய் சொல்கிறது, மார்பில் ஒட்டிய வில்லை ஒன்று வியர்வையில் கழன்றிருக்கும், இல்லாவிட்டால் சர்ஜன் மேஜைமேல் சாய்ந்திருப்பார், என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டே மயக்க டாக்டர் துணிக்கு அடியில் கையை விட்டு வில்லைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள், எல்லாம் ஒட்டிக்கொண்டுதான் இருந்தன, திரையில் இதயத்தின் கோடு மட்டும் இறங்கியது இறங்கியபடியே... நாடி நூற்றுப் பதினைந்து, ரத்த அழுத்தம் எண்பதுக்குக் கீழே. தடுப்புத் துணிக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் குனிந்து அந்த மனிதரின் வயிற்றைப் பார்க்கிறார்கள், இந்தப் பக்கம் அவர் முகத்தைப் பார்க்க அவள் ஒருத்திதான். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவர். விழித்திருந்தால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஐயோ என்றிருப்பார், வண்டியை ஓரங்கட்டியிருப்பார், இப்போது இமையில் பிளாஸ்திரி, வாயில் குழாய், தன் இதயம் தவிப்பது அவருக்கே தெரியாது. அவருக்குப் பதிலாக யார் ஐயோ என்பது?

"சார், நிறுத்துங்க. ஹார்ட் அட்டாக் மாதிரி தெரியுது."

சர்ஜனின் கை நின்றது. "நல்ல நேரம் பார்த்தீங்கம்மா, குடலை வெட்டியாச்சு, கட்டி கையில இருக்கு" என்றார், நானா நாள் பார்த்து வரவழைத்தேன் என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "ரத்தம் கசியற இடத்தை அழுத்திப் பிடிங்க, எனக்குப் பத்து நிமிஷம் குடுங்க" என்றாள். பத்து நிமிஷம்... அவருடைய ஒரு கையில் ரத்தம் ஏற, மறு கையில் அழுத்தத்தைத் தூக்கும் மருந்து, அது கொஞ்சம் நிமிர்ந்த பிறகு நாடியைத் தணிக்கும் மருந்து, துளித்துளியாக, அவசரப்பட்டால் அழுத்தம் கவிழும், தயங்கினால் நாடி ஓடும். ஓடி வந்த இதய டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், உறைந்த ரத்தத்தைக் கரைக்கும் ஊசி இப்போது கூடாது, போட்டால் திறந்த வயிற்றில் கொட்டும், முன்னே போனால் கடிக்கிறது, பின்னே போனால் உதைக்கிறது, சீக்கிரம் முடித்து வெளியே அனுப்புங்கள், மற்றதை நான் பார்க்கிறேன் என்றார். அவள் குனிந்து டிரைவரின் காதருகே, கொஞ்சம் பொறுத்துக்கோங்க என்றாள், மயங்கிக் கிடப்பவரிடம் பேசுகிறாள் என்று நர்ஸ் சிரிக்கட்டும், நெற்றி சில்லென்றிருந்தது, கையை எடுக்க மனம் வரவில்லை.

கோடு மெல்ல மேலேறத் தொடங்கியது, முழுசாக இல்லை, பாதி. கட்டியை எடுத்தாகிவிட்டது, இனிக் குடலின் இரண்டு முனைகளையும் சேர்க்க ஒரு மணி நேரம், அவ்வளவு தாங்குமா, தாங்காது... "சேர்க்க வேணாம் சார். முனையை வயித்துக்கு வெளியே எடுத்து மலப் பை வெச்சிடுங்க."

"பை மட்டும் வேணாம்னு அந்த மனுஷன் கெஞ்சினாரேம்மா."

"தெரியும். என்கிட்டயும்தான் கெஞ்சினாரு."

சர்ஜன் ஊசியை மாற்றி வாங்கினார். இருபது நிமிஷத்தில் தையல் முடிந்தது. கண் விழித்ததும் வயிற்றைத் தடவிப் பார்த்துத் திட்டட்டும், திட்ட ஆள் இருந்தால் போதும்...

வெளியே பெஞ்சு நுனியில் அவர் மனைவி, மடியில் அவருடைய செருப்பைப் பையில் சுற்றி வைத்திருந்தாள். உயிரோட இருக்காரும்மா, நடுவுல இதயம் தடுமாறிடுச்சு, ரெண்டு நாள் தாண்டணும் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போன மாசமே மாடி ஏறினா நெஞ்சை அடைக்குதுன்னாரு. சொன்னா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுடுவாங்க, வாயைத் திறக்காதேன்னு தன் தலையில அடிக்க வெச்சு சத்தியம் வாங்கிக்கிட்டாரு... என் தப்பாம்மா?"

"இல்லம்மா, இல்ல" என்றாள் டாக்டர். கோபம் வர வேண்டும், வரவில்லை. தெரிந்திருந்தால் தள்ளித்தான் போட்டிருப்பாள், கட்டி காத்திருக்குமா, அது தெரியாது, யாருக்குத் தெரியும்... ஆனால் போன வாரம், நெஞ்சுவலி உண்டா என்று கேட்டபோது, அவர் உடனே பதில் சொல்லவில்லை, மனைவி முகத்தை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் இல்லை என்றார். டாக்டர் அதைப் பார்த்தாளே. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் பெண்டாட்டியைக் கேட்டுத்தான் பதில் சொல்கிறார் பார் என்று ரசித்தாள், இல்லை என்று எழுதிக்கொண்டாள், அடுத்த கேள்விக்குப் போனாள். அந்த அம்மாள் இன்னும் கையை விடவில்லை. இவ்வளவு அவசரமாகச் சொன்ன அந்த 'இல்ல', யாருக்குச் சொன்னது...