மயங்கி விழும் கார்டு

என் கம்ப்யூட்டரில் கேம் படம் காட்டப் புது கிராபிக்ஸ் கார்டு வந்ததும், பழையதை என்ன செய்வது என்று வீட்டில் மாநாடு கூடியது. எடைக்குப் போடு என்றார் அப்பா. அம்மா அதன் விசிறியைச் சுழற்றிப் பார்த்து, "பார்க்க லட்சணமா இருக்கு, ஷோகேஸ்ல வைடா" என்றாள். லட்சணத்துக்குக் குறைவில்லை. ஆட்டம் சூடுபிடித்தால் அதுவும் சூடாகி, திரையை இருட்டாக்கிவிட்டு மயங்கி விழும். அவ்வளவுதான் குறை.

தகுதியான வாரிசு ஒருவன் இருந்தான். பெரியம்மா மகன், எங்கள் ஆன்லைன் கேம் அணியின் கேப்டன். இறுதிப் போட்டி நெருங்கும்போது என்னைத் தூக்கிவிட்டுத் தன் ஆபீஸ் மேனேஜரின் மகனைச் சேர்த்துக்கொண்டான். "தம்பிக்கு விளையாட்டு வராது, படிக்கட்டும்" என்று குடும்ப வாட்ஸப் குழுவில் அறிவிப்பும் போட்டான். அத்தைகள் எல்லோரும் கைதட்டல் பொம்மை அனுப்பினார்கள். அவன் கோப்பையைத் தூக்கக் கூடாது. அதைத் தவிர எனக்கு வேறு லட்சியம் இல்லாமல் போனது.

"அண்ணா, ஃபைனலுக்கு என் கார்டை வச்சுக்கோங்க."

"ஓட்டையைத் தள்ளிவிடறியாடா?"

"தானம் குடுத்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்க்கலாமாண்ணா?"

அவனே பொருத்திக்கொண்டான். மறுநாளே, "பறக்குதுடா!" என்றான். அரையிறுதியிலும் ஜெயித்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னிடம் ஒருநாள்கூட ஒழுங்காக இருக்காதது, இடம் மாறியதும் திருந்திவிட்டதா?

இறுதிப் போட்டியன்று அவன் வீட்டுக்கு வாழ்த்தப் போனேன். கம்ப்யூட்டர் பெட்டியின் பின்னால் எட்டிப் பார்த்தேன். திரையின் கேபிளைக் கார்டில் சொருகாமல், கம்ப்யூட்டரோடு வந்த பழைய துளையிலேயே விட்டிருந்தான். கார்டு இத்தனை நாளும் விசிறியைச் சுற்றிக்கொண்டு ஓய்வெடுத்திருக்கிறது. பறந்ததெல்லாம் அவன் வாய்தான்.

"பின்னாடி என்னடா குடையறே?" என்றாள் பெரியம்மா.

"தூசி பெரியம்மா." கேபிளைப் பிடுங்கிக் கார்டில் சொருகினேன். சரியான இடம் அதுதான். எந்த மெக்கானிக்கும் அதையே செய்வான்.

ஆட்டம் தொடங்கியது. புல் தனித்தனியாக அசைந்தது. தண்ணீரில் மேகம் தெரிந்தது. "இன்னிக்கு என்னடா இப்படித் தெரியுது!" என்று வாயைப் பிளந்தான்.

"உங்க ராசிண்ணா."

வெளுத்து வாங்கினான். எதிரணியில் ஒரே ஒருவன்தான் பாக்கி. கார்டு அலறத் தொடங்கியது.

"மிக்ஸி போட்டது யாரு?" என்று கேட்டாள் பெரியம்மா.

திரை இருண்டது.

"டேய்! டேய்! என்னடா ஆச்சு?" ஹெட்செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு மேசைக்கு அடியில் புகுந்தான். தரையில் கிடந்த ஹெட்செட்டிலிருந்து மேனேஜர் மகன் கத்துவது கேட்டது: "அண்ணா, எங்க போனீங்க? சுடறான்! அண்ணா!"

நான் அதை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன்.

"அண்ணன் மேசைக்கு அடியில இருக்காருப்பா. ஏதாவது சொல்லணுமா?"