பியூஸ் இருக்கவேண்டிய இடம்

ஆன்ட்ரூ அந்த மிஷினை வீட்டுக்குக் கொண்டுவந்தது அப்பாவுக்காக. அப்பா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முப்பத்தோரு வருடம் கிராணியாக, கணக்கும் பதிவும் எழுதுபவராக இருந்தவர். லூகாஸ் கிராணி என்றால் அந்த வட்டாரத்தில் இன்றும் தெரியும்.

தோட்டத்து ஊழியர் கிளப்பை இடிக்கப்போகிறார்கள் என்று வாட்ச்மேன் லோகேஸ்வரன் போன் செய்தார்.

"உங்கப்பா வெளையாடுவாரே, அந்தக் குண்டு மிஷின் இன்னும் கெடக்கு லா. வேணும்னா லோரி எடுத்துட்டு வாங்க. இல்லன்னா பழைய இரும்புக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்."

பின்பால் என்று பெயர். தோட்டத்தில் யாரும் அப்படிச் சொன்னதில்லை. நான்கு கால், சாய்ந்த கண்ணாடி மேசை, உள்ளே ஓடும் இரும்புக் குண்டு. மேசைப் பலகையைத் தூக்கினால் முழுக்க ஒயரும், கம்பி சுற்றிய காயில்களும், செம்புத் தகடுகளும். கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவும் கிடையாது.

புக்கிட் செந்தோசாவில் ஆன்ட்ரூ வீட்டுக் கார் நிறுத்தும் இடத்தை மிஷின் எடுத்துக்கொண்டது. கார் வெயிலில் நின்றது. ஆன்ட்ரூ அரசாங்க அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். பல்பு மாற்றத் தெரியும், அவ்வளவுதான். முதல் வாரமே துரு நீக்கும் எண்ணெயை எல்லா இடத்திலும் அடித்தார். மூன்றாம் நாள் தூசி அதில் ஒட்டிக் களியாகிவிட்டது. இந்த மிஷினுக்கு எண்ணெயே ஆகாது என்று பிறகுதான் இணையத்தில் படித்தார். ஒவ்வொரு தகடாக ஸ்பிரிட் போட்டுத் துடைக்க ஒரு மாதம் ஆனது. வீட்டில் சேர்ந்திருந்த கல்யாணப் பத்திரிகைகளை மெல்லிய கீற்றாக வெட்டி, நனைத்து, இரண்டு தகடுகளுக்கு நடுவே வைத்து இழுப்பார். அட்டையில் கறுப்புக் கோடு விழும். கோடு விழாமல் போகும்வரை இழுப்பார்.

"இன்னிக்கு யாரு கல்யாணம்?" என்று கேட்டுக்கொண்டே மனைவி ஜெனவீவ் காப்பி கொண்டுவந்து வைப்பாள்.

குண்டை உதைத்துத் தள்ளும் காயில் ஒன்று கரியாக இருந்தது. ரவாங்கில் மூன்று கடை ஏறி இறங்கினார். யாரும் அதைத் தொடவில்லை. சுங்கை பெசாரில் வயல் பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றும் பெண் ஒருத்தி இருப்பதாக லோகேஸ்வரன்தான் சொன்னார்.

கடை வைத்திருந்த பிரேமலாவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு காயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃபேனும் இல்ல, பம்பும் இல்ல. எதுல கழட்டுனது அண்ணே?"

"பழைய பின்பால் மிஷின்."

"எந்த ஊரு?"

தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பிரேமலா காயிலை மேசையில் வைத்தார்.

"கிளப்புல இருந்ததா?"

"ஆமா."

"எங்க நைனா எரிச்ச மிஷின்," என்றார். குரலில் கோபம் இல்லை. விலாசம் சொல்வதுபோலச் சொன்னார். "அப்பளசாமின்னு பேரு. கிளப்புல கூட்டிப் பெருக்கிக்கிட்டு இருந்தாரு. கிறிஸ்மஸ் விருந்தன்னிக்கு மிஷின் தீப்புடிச்சு, தெரச்சீலையெல்லாம் எரிஞ்சு போச்சு. நைனா ஈரத் துணியில தொடச்சு உள்ள தண்ணி போயிருச்சுன்னு கிராணி எழுதிட்டாரு. மறுநாளே லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எனக்கு ஒம்போது வயசு. நீங்க எப்படி வாங்குனீங்க?"

"வாட்ச்மேன் குடுத்தாரு."

அது உண்மைதான். ஆன்ட்ரூ அதோடு நிறுத்திக்கொண்டார்.

பிரேமலா கத்தி முனையால் கரியைச் சுரண்டினார். உள்ளே ஒயர் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தது.

"தண்ணியில போன காயிலு பச்ச புடிச்சிருக்கும். இது உள்ளாற இருந்து வெந்திருக்கு. பியூஸ் ஒழுங்கா போயிருந்தா இவ்ளோ வேகாது. பியூஸ் கட்டையப் பாத்தீங்களா?"

"இன்னும் பாக்கல."

"போயிப் பாருங்க. இல்லன்னா நான் சுத்திக் குடுக்கறதும் கருகிரும். சனிக்கெழம வாங்க. பேரு என்னா போடட்டும்?"

"ஆன்ட்ரூ."

வீட்டுக்கு வந்ததும் பலகையைத் தூக்கி முட்டுக் கொடுத்தார். பியூஸ்கள் ஒரு மூலையில் வரிசையாக இருந்தன. நடுவில் எரிந்துபோயிருந்த ஒன்றைச் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள் சுற்றியிருந்தது. அதோடு சேர்த்து ஒரு காகிதத் துண்டும் செருகப்பட்டிருந்தது. பெயர்ப் பதிவுத் தாளிலிருந்து கிழித்தது. நீல மை, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து.

பியூஸ் இல்லை. தற்காலிகம். 19.12.81. எஸ்.எல்.

அப்பாவின் பழக்கம் அது. பல்பு மாற்றினால் பல்பின் அடியில் தேதி எழுதுவார். அரிசி டின்னிலும் எழுதுவார். செய்த வேலை எதுவானாலும் தேதியும் தன் பெயரின் முதலெழுத்தும் இல்லாமல் விடமாட்டார்.

தீப்பிடித்தது இருபத்து நாலாம் தேதி. ஆன்ட்ரூவுக்கு அப்போது பன்னிரண்டு வயது. மறுநாள் காலை, பூசைக்குப் புறப்படும் முன், அப்பா சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் மேலாளருக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். கீழே தேதி போட்டார். எஸ்.எல். என்று போட்டார். பிறகு பூசைக்குப் போய் நற்கருணை வாங்கினார். பக்கத்தில் முழந்தாளிட்டிருந்தது ஆன்ட்ரூ.

ஜெனவீவ் துண்டை இரண்டு முறை படித்தாள்.

"குப்பையில போடுங்க. மாமா போய்ச் சேந்துட்டாரு. அந்தம்மாவுக்கும் சொந்தமா கட இருக்கு. தோட்டத்துலயே கெடந்திருந்தா கட வச்சிருப்பாங்களா?"

"அத அவங்க சொல்லணும். நம்ம சொல்லக்கூடாது."

"கல்லறையில என்னா எழுதி வச்சோம்? ஞாபகம் இருக்கா?"

இருந்தது. நேர்மையாளர் என்று பொறிக்கச் சொன்னதே ஆன்ட்ரூதான். கல்வெட்டுக்காரர் எழுத்துக்கு இவ்வளவு என்றபோது, பெரிதாகவே பொறியுங்கள் என்றும் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை புதுக் காயில் தயாராக இருந்தது. வெள்ளை நாடா சுற்றி, இரண்டு முனையும் சுரண்டி வைத்திருந்தார் பிரேமலா.

"தொள்ளாயிரத்து அறுபது சுத்து. பழச அறுத்து எண்ணிட்டேன். பியூஸப் பாத்தீங்களா?"

ஆன்ட்ரூ காயிலை எடுக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து வெள்ளித்தாளையும் காகிதத் துண்டையும் எடுத்து மேசையில் வைத்தார். பிரேமலா வெள்ளித்தாளைப் பார்த்ததுமே தலையசைத்தார். பிறகு துண்டைப் படித்தார்.

"எஸ்.எல். யாரு?"

"எங்கப்பா. லூகாஸ் கிராணி."

பிரேமலா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"அன்னிக்கு வந்தப்பவே தெரியுமா?"

"இது தெரியாது. நான் கிராணி மவன்னு தெரியும். அதச் சொல்லல."

"ம்."

துண்டை ஆன்ட்ரூ பக்கமே நகர்த்திவைத்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்னா அண்ணே," என்றார் பிரேமலா. "நைனா உள்ளதான் இருக்காரு. அவருகிட்டச் சொல்லுங்க. காது மந்தம். சத்தமா சொல்லணும்."

அவர் உள்ளே போய் அப்பளசாமியைக் கைப்பிடித்து அழைத்துவந்தார். எண்பத்து நாலு வயது. கடை வாசலில், சாலையைப் பார்த்தபடி போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே காப்பிக் கடை. சனிக்கிழமை காலை, எல்லா மேசையிலும் ஆள்.

ஆன்ட்ரூ குனிந்து அவர் காதருகே சொன்னார். அப்பளசாமி உள்ளங்கையைக் காதில் குவித்தார்.

"ஆ?"

இன்னும் உரக்கச் சொன்னார்.

"கேக்கல தம்பி."

ஆன்ட்ரூ பிரேமலாவைப் பார்த்தார். அவர் கதவில் சாய்ந்து நின்றார். ஆன்ட்ரூ நிமிர்ந்தார். அலுவலகத்தில் முப்பது வருடம் குரலை உயர்த்தாதவர்.

"குண்டு மிஷின நீங்க எரிக்கல. எங்கப்பா லூகாஸ் கிராணிதான். பியூஸுக்குப் பதிலா வெள்ளித்தாள் வச்சாரு. தெரிஞ்சே உங்க பேர எழுதிட்டாரு."

காப்பிக் கடையில் பேச்சு நின்றது. மோட்டார் சைக்கிளில் ஏறப்போன ஒருவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "லூகாஸ் கிராணியா?" என்று யாரோ இன்னொருவரிடம் கேட்டது சாலையைத் தாண்டி வந்தது.

அப்பளசாமி காதிலிருந்து கையை எடுத்தார். எதிர்க் கடையை மேசை மேசையாகப் பார்த்தார்.

"அவங்களுக்குக் கேட்டுச்சா?" என்றார், மெதுவாக.

"கேட்டுச்சு."

"இராமையா இன்னும் வரல. நம்ம தோட்டத்து ஆளு. எனக்குப் பின்னாடிதான் இந்த ஊருக்கு வந்தான். வந்த நாள்லேருந்து கிளப்ப எரிச்சவன்னுதான் என்னயக் கூப்புடுவான். எம் பேரே அவனுக்கு மறந்துருச்சு." சாலையைப் பார்த்தார். "பத்து மணிக்கு வருவான். இருந்து அவங்கிட்டயும் சொல்லிட்டுப் போ."

மணி ஒன்பதேகால். பிரேமலா உள்ளேயிருந்து இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஆன்ட்ரூ உட்கார்ந்தார்.